ஊருக்குப் போறீங்களா? கொசுவலையை மறக்காதீங்க!

சனிக்கிழமை மத்தியானம் பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு சித்தப்பா ஊருக்கோ மாமியார் ஊருக்கோ கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உறவு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

'அங்கே ஏது சார் வயலும் வரப்பும்? எல்லாம் கம்பெனிதானே!' என்பீர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். வாஸ்தவம்தான். ஆனாலும் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்ப் பாருங்கள். ஏரிப் பாசனத்தில் நெல், கொல்லையில் கத்தரி, தொழுவத்தில் ரெண்டு மாடு என்று இன்னமும் குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்து நிலமோ மனை போட்டு, கல் நட்டு, அப்படியே கிடக்கும். உழவில்லாத நிலத்தில் புதர் மண்டும். புதரில் எலி சேரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

தாராளமாகப் போங்கள். பம்புசெட்டில் குளியுங்கள். வரப்பிலிருந்து கரிசலாங்கண்ணி ஒரு கட்டு பறித்து வாருங்கள். (ரோட்டோரத்தில், கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் முளைத்தது வேண்டவே வேண்டாம்.) 'கறந்த சூடு, அப்படியே குடி' என்று பிள்ளைக்குப் பாலை நீட்டுவார்கள், காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

உறவுக்கூட்டம் சேர்ந்தால் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துவிடுவோம். அந்தச் சுகம் தனி! அதே தரையில்தான் கட்டுவிரியனும் நடமாடும். பளபளக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சுருண்டு கிடக்கும். இரவில் இரை தேடி வீட்டுக்குள்ளும் நுழையும். தூக்கத்தில் நாம் புரண்டு அதன்மேல் கை போட்டால் கடித்துவிடும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி தெரியாமல் போகலாம். பலர் விழித்துக்கொள்வதே இல்லை. வீக்கம் இருக்காது; பல் பதிந்த தடமும் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது.

விடியற்காலையில் பிள்ளை, 'வயிறு வலிக்குதும்மா' என்கிறது. ஒரு வாந்தி. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை போலிருக்கு என்று பாட்டி ஓமத் தண்ணீர் வைக்கப் போகிறார். அதற்குள் இமைகள் சரிகின்றன, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. நரம்பு தசையோடு சேரும் இடத்தை விஷம் முடக்குகிறது. அடுத்தது மூச்சு விடும் தசை! தரையில் படுத்து எழுந்தவருக்கு வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இந்த நேரம் பார்த்து யாராவது சிறியாநங்கை இலையோடு வருவார். 'மென்னு பாரு, கசந்தா விஷம் ஏறலை.' நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். நஞ்சு மருத்துவம் எங்களுக்குத் தனிப் பாடம். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்தச் சோதனையை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள். என்னிடமும் தூக்கி வராதீர்கள்! விழுங்க முடியாதவர் வாயில் சாறு ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

108-ஐக் கூப்பிடுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டி இறுக்காதீர்கள். அசையாமல் கிடத்தி, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரிந்த இடம்தான். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் நம்ம இருளர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, ஞாபகமிருக்கிறதா?

என்ன, பயமுறுத்துகிறேன் என்கிறீர்களா? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2024-ல் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது.

கட்டில் இருந்தால் குழந்தைகளுக்கு அதைக் கொடுங்கள். நெல் மூட்டை, விறகுக் கட்டு பக்கத்தில் பாய் போடாதீர்கள். தரைதான் கதி என்றால் கொசுவலை கட்டி, நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். சும்மா தொங்கவிட்டால் பிரயோஜனமில்லை. ராத்திரி ஒண்ணுக்கு எழுந்தால், டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காலைக் கீழே வையுங்கள்.