நுரையீரல் சுருங்கியவர் விமானம் ஏறலாமா?

1995 மே மாதம், ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சுவலி வந்தது, மூச்சுத் திணறியது. விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் அவர். அடி கையில்தான் என்று நினைத்திருந்தார். உண்மையில் விலா எலும்பு முறிந்து, நுரையீரலும் கிழிந்திருந்தது.

பயணிகளில் ஒருவரான அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆங்கஸ் வாலஸ் கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியால் கிருமி நீக்கி, அதைக் கொண்டே சிறுநீர் வடிகுழாய் ஒன்றை அந்தப் பெண்ணின் மார்புக்குள் செலுத்தினார். மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேற, அந்தப் பெண் பிழைத்தார்.

நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். மருத்துவர்கள் இதை ‘நியூமோதொராக்ஸ்’ என்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைந்துவிடும். அந்த அழுத்தத்தில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகப் பெருகும். சிப்ஸ் பாக்கெட் உப்பினால் பரவாயில்லை. நெஞ்சுக்குள் உப்பினால் நுரையீரல் இன்னும் நசுங்கும். முற்றினால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவதே தடைபடும்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரே காட்டிய பிறகு 7 நாள் என்கிறது நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி. விபத்தில் அடிபட்டவர்கள் 2 வாரம் வரை காத்திருப்பது நல்லது.

பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். வலி நின்ற நாளிலிருந்தோ வீடு திரும்பிய நாளிலிருந்தோ எண்ணுகிறார்கள். தானாக வரும் நியூமோதொராக்ஸ் ஒல்லியான, உயரமான இளைஞர்களிடம் அதிகம். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார்கள்.

7 நாள் கடந்தால் ஆபத்தே இல்லை என்றும் இல்லை. முதல் ஓராண்டில் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்; புகைபிடித்தால் இன்னும் கூடும். விமானம் அதை வரவழைப்பதில்லை. ஆனால் நடுவானில் வந்தால் மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் விமானம் ஏறுவது பற்றி மருத்துவரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும்.

ஆழ்கடல் நீச்சலோ இன்னும் கடுமை: 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அடைபட்ட காற்று இரு மடங்காகும். அதனால், நியூமோதொராக்ஸ் மறுபடி வராமல் தடுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாதவர்கள் அதை அடியோடு விட்டுவிடும்படி மருத்துவர்கள் சொல்வார்கள்.

டிக்கெட் போடும்முன் மருத்துவரிடம் கேளுங்கள்: “நுரையீரல் முழுசா விரிஞ்சது எந்தத் தேதி எக்ஸ்ரேயில தெரிஞ்சது?” நாள்களை அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.