மேடு பள்ளத்தில் ஓடும் குழந்தை வண்டி: பார்த்து வாங்குவதும் சொல்லி விற்பதும்

தள்ளுவண்டி என்றதும் வணிகர்களாகிய நமக்குக் காய்கறி வண்டியும் பழ வண்டியும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேச வந்தது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியைப் பற்றி. முன்பு ‘பிராம்’ என்றோம்; இன்று ‘ஸ்ட்ரோலர்’ என்று கேட்கிறார்கள். கிரைப் வாட்டர், பேபி பவுடர், பால் புட்டி, டயபர் என்று குழந்தைச் சரக்குக்குத் தனி அலமாரி ஒதுக்கிய மளிகைக் கடைக்காரர்களுக்கு, அடுத்தபடியாக இந்த வண்டியையும் வைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அதிலும் மூன்று பெரிய சக்கரங்களோடு ‘ஆல் டெரெய்ன்’, அதாவது எல்லாத் தரையிலும் ஓடும் என்று விற்கப்படும் வகை, காலையில் நடக்கவும் ஓடவும் போகிற இளம் பெற்றோரைக் கவர்ந்து இழுக்கிறது.

இது விலை கூடிய சரக்கு. ஒன்று விற்றாலும் லாபம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சோப்பையும் பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுப்பதுபோல் இதை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

ஒரு லீவர் கிளப்பிய வழக்கு

2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பிரிடாக்ஸ் நிறுவனத்தின் ‘பாப்’ என்னும் மூன்று சக்கர ஓட்ட வண்டிகள் மீது புகார் தாக்கல் செய்தது. முன்சக்கரத்தைக் கழற்றவும் மாட்டவும் சைக்கிளில் உள்ளதுபோல் ஒரு விரைவு லீவர் அந்த வண்டிகளில் இருந்தது. அது சக்கரத்தைச் சரியாகப் பிடிக்காமல் போகிறது, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடுகிறது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2012 முதல் ஏறத்தாழ 200 புகார்கள் வந்ததாகவும், குறைந்தது 50 குழந்தைகளும் 47 பெரியவர்களும் காயமடைந்ததாகவும் ஆணையம் கூறியது. சம்பந்தப்பட்ட வண்டிகள் 4,90,000-க்கும் மேல்.

நிறுவனமோ வண்டியில் குறை இல்லை, சொல்லியபடி லீவரை மூடினால் சக்கரம் கழலாது என்று வாதிட்டது. கடைசியில் 2018 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. லீவரை எப்படி மூடுவது என்று விளக்கும் படக்காட்சி தயாரித்து மக்களுக்குக் காட்டவும், மாற்று உதிரிபாகம் வழங்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

யார் சொன்னது சரி என்ற தீர்ப்பு நம் வேலை அல்ல. நம் தொழிலுக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. அந்த லீவரை மூடும் முறை தெரியாதவர்கள் அதை நட்டைப்போல் சுற்றிச் சுற்றி முறுக்கி, இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உண்மையில் அதை உள்ளங்கையால் அழுத்தி மறுபக்கம் மடக்கி மூட வேண்டும். மூடும்போது கையில் நல்ல அழுத்தம் தெரிய வேண்டும். இதைச் செய்து காட்ட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கக்கூடியவர் தொழிற்சாலைக்காரர் அல்லர். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வணிகர்தான்.

வண்டி வந்த வழி

இன்று கடைகளில் காணும் குழந்தை வண்டிகளுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, குடைபோல் மடங்கும் எடை குறைந்த வண்டி. ஸ்பிட்பயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1965-இல் இதை உருவாக்கினார். அலுமினியக் குழாயில் செய்த அந்த வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மற்றொன்று, ஓடுவதற்கான மூன்று சக்கர வண்டி. அமெரிக்காவின் யாக்கிமா நகரில் பத்திரிகையாளராக இருந்த பில் பேக்லர், தம் மகனையும் உடன் அழைத்துக்கொண்டு ஓடுவதற்காக 1980-இல் சாதாரணக் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். 1984-இல் அதுவே ஒரு தொழிலாக வளர்ந்தது.

முதல் வகை தூக்கிச் செல்வதற்கு. இரண்டாவது வகை தரையைச் சமாளிப்பதற்கு. ஒன்றின் நன்மையை மற்றொன்றில் எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்தான் ஒரு மாதத்தில் முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வருவார். ஆகவே “எங்கே தள்ளப் போகிறீர்கள்?” என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மாடிக் குடியிருப்பு, பேருந்துப் பயணம், கடைத்தெரு என்றால் குடை வண்டியே போதும். மண் பாதை, ஜல்லி, புல்தரை, உடைந்த நடைபாதை என்றால் பெரிய சக்கரம் வேண்டும்.

பார்க்க வேண்டியவை

1. சக்கரமும் டயரும்: காற்று நிரப்பும் டயர் அதிர்ச்சியைத் தாங்கும், பஞ்சர் ஆகும். ஃபோம் நிரப்பிய டயர் பஞ்சர் ஆகாது. கரடுமுரடான தரையில் குலுக்கும். 12 அங்குலச் சக்கர வண்டிகள் பலவற்றில் 12½ × 2¼ என்ற அளவு டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். சிறுவர் சைக்கிளுக்கும் இந்த அளவு உண்டு என்பதால் டியூப் பக்கத்துச் சைக்கிள் கடையிலேயே கிடைக்கக்கூடும். கொள்முதலுக்கு முன்பே இதை விசாரித்துவிடுவது நல்லது. மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு இருந்தாலும் பெட்ரோல் பங்கில் காற்றடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறிய டியூபில் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். கைப்பம்பே பாதுகாப்பு, எவ்வளவு அழுத்தம் என்பது டயரிலேயே எழுதியிருக்கும்.

2. முன்சக்கரம்: கடைத்தெருவில் வளைந்து நெளிந்து போக முன்சக்கரம் திரும்ப வேண்டும். ஓடும்போது அது நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பூட்டாமல் ஓடினால் ஒரு சிறு கல் தட்டினாலும் சக்கரம் சடாரென்று திரும்பி வண்டி கவிழும். திருப்பவும் பூட்டவும் வசதியுள்ள வண்டியே பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

3. பிரேக்கும் கைப்பட்டையும்: காலால் அழுத்தும் பிரேக் வண்டியை நிறுத்தி வைப்பதற்கு. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் கைப்பிரேக் வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் பட்டையை அலங்காரம் என்று நினைத்துப் பலர் மாட்டுவதே இல்லை. 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில், தாயின் கை ஒரு கணம் விலகியபோது மூன்று சக்கர வண்டி ஒன்று தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அதன்மேல் மோதியது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது தெய்வச் செயல். நடைமேடை சமதளம் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். உருளும் பொருளுக்குச் சிறு சரிவே போதும்.

4. வார்ப்பட்டை: இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் இருக்க வேண்டும். இடுப்பை மட்டும் பிடிக்கும் வார் மேடு பள்ளத்துக்கு உதவாது.

5. மடக்கும் கீல்: மடக்கும்போது விரல் நசுங்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் மக்லாரன் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 நிகழ்ச்சிகளே அதற்குக் காரணம். கீலை மூடும் உறைகள் இலவசமாக வழங்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட நிற்க வேண்டும் என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

6. எடையும் அகலமும்: இவ்வகை வண்டிகள் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். சில 14 கிலோவையும் எட்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தினமும் ஏற்றுவது யார்? வீட்டுக் கதவு நிலை, லிஃப்ட் கதவு, காரின் டிக்கி ஆகியவற்றை அளந்து வரச் சொல்லுங்கள். டிக்கியில் கேஸ் சிலிண்டர் பொருத்திய கார் என்றால் இன்னும் கவனம் தேவை.

7. குழந்தையின் வயது: ‘ஆல் டெரெய்ன்’ என்று எழுதியிருப்பதால் அதைத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று பொருள் ஆகாது. சில வண்டிகள் நடப்பதற்கு மட்டுமே. ஓடுவதற்கான வண்டியிலும், கழுத்தும் முதுகும் உறுதிப்படாத குழந்தையை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. குறைந்தது ஆறு மாதம் என்றும், எட்டு மாதம் என்றும் தயாரிப்பாளர்கள் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்வது நம் கடமை.

அரிசிப் பையை உட்கார வைத்துக் காட்டுங்கள்

காலி வண்டி எந்தக் கடையிலும் அழகாகத்தான் உருளும். மளிகைக் கடைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 10 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்து இருக்கையில் வைத்து வாரைப் பூட்டுங்கள். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ அதுதான். வாடிக்கையாளரையே தள்ளச் சொல்லுங்கள். கடைவாசல் படியில் இறக்கட்டும், ஜல்லியில் திருப்பட்டும், சரிவில் பிரேக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அதன்பின் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கைப்பிடியில் நாலைந்து கிலோ சாமான் பையை மாட்டிக் காட்டுங்கள். பல வண்டிகள் பின்பக்கமாகச் சாயும். வாங்கிய மளிகையைக் கைப்பிடியில் மாட்டுவது நம் கடையிலேயே நடப்பது. அதற்கு அடிக்கூடை இருக்கிறது. அதன் எடை வரம்பும் எழுதியிருக்கிறது.

சட்டம் நம்மையும் பார்க்கிறது

“நான் செய்த பொருளா? பெட்டியில் வந்ததை விற்றேன்” என்று சொல்லித் தப்பிய காலம் போய்விட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறது. அதன் 86-ஆம் பிரிவு விற்பனையாளரைப் பற்றியது. பொருளைப் பூட்டிக் கொடுப்பதிலும் சோதிப்பதிலும் தக்க கவனம் எடுக்காவிட்டாலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குச் சொல்லாவிட்டாலும், அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பொறுப்பாவார். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றாலும் அப்படியே. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாக வாயால் கொடுத்து, பொருள் அதன்படி அமையாமல் தீங்கு விளைந்தாலும் அப்படியே.

இந்த வண்டி பெட்டியில் பிரித்த நிலையில்தான் வருகிறது. சக்கரத்தை மாட்டுபவர் நம் கடைப் பையன். ஆகவே அந்த முன்சக்கர லீவர் நமக்குப் புறத்தே உள்ள விஷயம் அல்ல.

இதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. முறையாகச் செய்தால் போதும். இறக்குமதிச் சரக்கானால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்தே கொள்முதல் செய்யுங்கள். அவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தொடக்கத்தில் காட்சிக்கு ஒன்றை மட்டும் வைத்து, ஆர்டரின் பேரில் வரவழைத்தால் முதல் முடங்காது. பில்லில் மாடல் எண்ணையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் விருப்பப்பட்டால் அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள். நாளை திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், அந்தத் தகவல் தாயின் காதுக்குப் போகும் வழி அந்தப் பதிவேடுதான். குறிப்பேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், முக்கியமான ஐந்தாறு எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.

நம் வாசலும் ஒரு தரைதான்

வண்டியை விற்காத உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். எல்லாத் தரையிலும் ஓடும் வண்டி நம் கடைப் படியில் நின்றுவிடுகிறது. குழந்தையை வெளியே விட்டுவிட்டு எந்தத் தாயும் உள்ளே வரமாட்டார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுப் பாதைக்கு உரிய பொதுவான கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிச் சரிவு போதும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முழங்கால் வலியோடு வரும் முதியவருக்கும், மூட்டை ஏற்றும் நம் ஆட்களுக்கும் அதே சரிவு உதவும். அது பொதுவழியை அடைக்காமல் நம் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பருப்பில் கல் இருந்தால் வாடிக்கையாளர் திருப்பித் தருவார்; மாற்றிக் கொடுப்போம்; கணக்கு தீர்ந்துவிடும். குழந்தை வண்டியில் அப்படித் தீர்த்துக்கொள்ள வழியில்லை. ஆகவே அடுத்த வண்டியை விற்கும்போது பில் போடுவதற்கு முன் அந்த லீவரை ஒருமுறை திறந்து மூடிக் காட்டுங்கள். பிறகு வாடிக்கையாளரை மூடச் சொல்லிப் பாருங்கள். அவர் கை சரியாக மூடிய பிறகு பணத்தை வாங்குங்கள்.