நலமாக இருப்பவருக்கு எந்தப் பரிசோதனை வேண்டும்?

‘மாஸ்டர் ஹெல்த் செக்கப், பாதிக் கட்டணத்தில்!’ என்று செல்போனுக்குத் தகவல் வருகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இருந்தாலும், ‘எதற்கும் பார்த்துவிடலாமே’ என்று தோன்றுகிறது. பார்க்கலாம், தவறில்லை. ஆனால் எதைப் பார்ப்பது என்பதை விளம்பரம் முடிவு செய்யக் கூடாது. முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கவோ குணப்படுத்தவோ வழி இருக்கிற நோய்களுக்குத்தான் பரிசோதனையால் பலன் உண்டு.

உயிர் காத்த எளிய சோதனை

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவினார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாற்றம் கண்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்த பெண்களுக்குப் புற்றுநோய் வரும் முன்பே சிகிச்சை தரப்பட்டது. சோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட்டபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. 2007-இல் ‘லான்செட்’ இதழ் இந்த முடிவை வெளியிட்டது.

தென்கொரியா தந்த பாடம்

தென்கொரியாவில் 1999-இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனாலும் குறைந்த கட்டணத்துக்குக் கழுத்து ஸ்கேனையும் மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவே இல்லை. அதாவது, ஆயுள் முழுக்கத் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகள்தான் பெருமளவில் பிடிபட்டன. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

‘நார்மல்’ இல்லை என்றால் நோயா?

ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தாலே பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. பல ரத்தப் பரிசோதனைகளில், ஆரோக்கியமான 100 பேரில் நடுவே வரும் 95 பேரின் அளவைத்தான் இயல்பு வரம்பாக வைக்கிறார்கள். மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்களே. இப்படிப்பட்ட, ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நலமாக உள்ளவர்களிலேயே மூவரில் இருவருக்கு ஏதாவதொன்று வரம்பைத் தாண்டிவிடும். அதன்பின் மறுபரிசோதனை, ஸ்கேன், பயாப்சி என்று அலைச்சலும் செலவும் மனவேதனையும்தான். அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனும், ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகளும் பொதுவாகத் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம்.

தவறவிடக் கூடாதவை

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தமில்லாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. 30 வயதைத் தாண்டிய அனைவரும் இவ்விரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையையும் 30 வயதிலிருந்து செய்துகொள்ள நம் நாட்டின் வழிகாட்டுதல் சொல்கிறது. புகையிலை போடுபவர்கள் வாயைக் காட்டுவதற்குத் தயங்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் இந்தச் சோதனை தேவையா? முடிவு தவறாக வர எவ்வளவு வாய்ப்பு? நோய் இருப்பதாகத் தெரிந்தால் அடுத்து என்ன சிகிச்சை, அதனால் என் ஆயுளோ வாழ்க்கைத் தரமோ கூடுமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தச் சோதனையைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

ஆனால் கட்டி, ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு, திடீர் எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இந்த யோசனை எதுவும் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.