அஞ்சலட்டையும் உறையிட்ட கடிதமும்

நாஞ்சில் நாட்டில் கைபேசிச் செய்திக் குழு இல்லாத கிராமம் இன்று அரிது. தோவாளைப் பூச்சந்தையின் அன்றைய விலை, மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாள், குளத்து மடை திறக்கும் நேரம் ஆகிய யாவும் இதன் வாயிலாகவே பரவுகின்றன. வளைகுடா நாடுகளில் மீன்பிடிப் படகுகளில் பணிபுரியும் நம் மக்கள் வீட்டாரோடு பேசுவதும் இதன் வழியேதான். இத்துணைப் பயனுள்ள சாதனத்தைத் தேர்ந்தெடுக்கையில் எவற்றைக் கருத வேண்டும் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

பூட்டிய செய்தி என்பது யாது?

அஞ்சலட்டையில் எழுதியதை வழியில் எவரும் படிக்கலாம். உறையிட்டு ஒட்டிய கடிதத்தைப் பெறுபவரே பிரிக்கிறார். செய்தியானது அனுப்புவோரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுவோரின் கைபேசியில் மட்டும் திறக்கப்படுவதை 'முனைக்கு முனை மறைகுறியாக்கம்' என்பர். இடையிலுள்ள நிறுவனத்தாரிடம் அதன் திறவுகோல் இராது. வாட்ஸ்அப் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இம்முறையை எல்லா உரையாடல்களுக்கும் நடைமுறைப்படுத்தியது. டெலிகிராமிலோ, 'இரகசிய உரையாடல்' என்பதைத் தனியே தேர்ந்தெடுத்தால்தான் இக்காப்பு உண்டு; குழுக்களுக்கு அது கிடையாது.

எனினும், உறை ஒட்டப்பட்டிருந்தாலும் மேல்விலாசம் வெளியே தெரிகிறதன்றோ? அதுபோலவே, யார் யாருக்கு எப்பொழுது எழுதினர் என்னும் விவரம் நிறுவனத்தாருக்குத் தெரியக்கூடும். இலாப நோக்கமற்ற அறக்கட்டளையொன்று நடத்தும் சிக்னல், இவ்விவரங்களையும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. அப்படியாயின் அனைவரும் சிக்னலுக்கு மாறிவிடலாமே என்று வாசகர்கள் வினவலாம்.

உறவினர் இருக்கும் இடம்

இங்குதான் சங்கடம் எழுகிறது. சந்தை எங்குக் கூடுகிறதோ அங்குதான் பூவைக் கொண்டு செல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றுவதாக அறிவித்தபொழுது, பலர் சிக்னலையும் டெலிகிராமையும் நிறுவிக்கொண்டனர். ஆயினும் உறவினரும் வாடிக்கையாளரும் பழைய இடத்திலேயே இருந்தமையால், பெரும்பாலோர் வாட்ஸ்அப்பை விட்டு நீங்கவில்லை. அவ்விதி மாற்றத்தின் பொருட்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்திற்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது.

நம் மாநிலத்திலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்திலும் பணியகம் நிறுவியுள்ள ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்னும் செயலி, 2025 செப்டம்பரில் திடீரெனப் புகழ் பெற்றது. நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்த நிலை மாறி, மூன்றே நாட்களில் அது 3,50,000 ஆக உயர்ந்ததாக அதன் நிறுவனர் திரு. ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். ஆனால் அப்பொழுது அழைப்புகளுக்கு மட்டுமே முனைக்கு முனை காப்பு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அக்குறை சுட்டிக்காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் இருவர் உரையாடலுக்கும் அக்காப்பு வழங்கப்படலாயிற்று. நம்மவர் செய்தது என்னும் பெருமிதம் நன்றே. பூட்டு உண்டா என்று பார்ப்பது அதனினும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் பூட்டு வேண்டுமா?

வேண்டுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபொழுது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அந்தத் துயரை இம்மாவட்டம் மறக்கவில்லை. புயல் அறிவிப்பும் ஆபத்துக் குரலும் எத்தனை பேர் செவியில் விழுமோ அத்தனை நன்று. படகிலுள்ள கம்பியில்லாக் கருவியின் அழைப்பைச் சுற்றியுள்ள படகினர் யாவரும் கேட்கலாம். அதன் சிறப்பே அதுதான்.

வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, குடும்பத் தகராறு ஆகியவை அவ்வாறல்ல. உதவித்தொகை விண்ணப்பத்தின் பொருட்டு ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படமெடுத்து, பலர் உள்ள குழுவிலேயே இடும் பழக்கத்தை நாம் காண்கிறோம். எத்துணை வலிய பூட்டாயினும், உள்ளே இருப்பவர் ஒருவர் அப்படத்தை வெளியே அனுப்பினால் பயன் என்ன? ஏமாற்றுக்காரர் கையில் அது சிக்கினால், இழப்பு அந்த ஏழைத் தாயினுடையதன்றோ?

ஆகவே நாம் கூறும் யோசனை இது. விலை நிலவரமும் வானிலையும் யாவரும் கூடும் செயலியிலேயே இருக்கட்டும். அடையாளச் சான்றுகளைக் குழுவில் இடாமல், உரிய அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். இயலாதபொழுது, முனைக்கு முனை காப்புள்ள தனி உரையாடலில் அவருக்கு மட்டும் அனுப்பலாம். குடும்பத்தார் நால்வர் ஐவர் கூடிப் பேசிச் சிக்னலுக்கு மாறுவது எளிது. ஊர் முழுவதையும் மாற்றுவது கடினம். முதலில் எளியதைச் செய்வோம். வாட்ஸ்அப்பில் சேமிப்புப் பிரதிக்கு மறைகுறியாக்கத்தைத் தனியே இயக்க வேண்டும் என்பதையும், இரண்டு படிச் சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 24-8-2017 அன்று தீர்ப்பளித்துள்ளது. அவ்வுரிமை நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. மகளிர் குழுவினரும் ஊராட்சி உறுப்பினரும் அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, தம் குழுவில் கிடக்கும் அடையாளச் சான்றுகளின் படங்களை நீக்குவதிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.