மூக்கு என்னும் வாசல்: வீட்டு விலங்குகளின் மூச்சுப் பாதை

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார் என்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. அந்த வரிசையில் தொடு உணர்வு, நாக்கு இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது மூக்கு. எங்கள் சமண நூல்களிலும் இதே வரிசைதான். பத்துப் பிராணன்களில் மூச்சு விடுவதையும் தனியாக ஒன்றாக எண்ணுவார்கள். மோப்பத்துக்கும் மூச்சுக்கும் அந்த ஒரே வாசல்.

இதை எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் கால்நடை மருத்துவம் படித்தவனல்லன். ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அரிசி வியாபாரி. போன வருஷம் மே மாதம் நியூ டவுனில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் என்னைப் படிக்க வைத்தது.

பேரன் ஆசைப்பட்டான் என்று ஒரு பக் நாய் வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அதைக் கீழே நடக்கக் கூட்டிப் போனோம். பத்து நிமிஷத்தில் நாக்கு நீலம் பாரித்து, தொண்டையில் கர் கர் என்று சத்தத்தோடு சரிந்து விழுந்தது. எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற மருத்துவர் ஓடி வந்தார். 1893-ல் பெல்காச்சியாவில் தொடங்கிய கால்நடைக் கல்லூரியில் படித்தவர். உடம்பில் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, பிறகு குளிர்சாதனக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாய் பிழைத்தது. "தாதா, இது வியாதியில்லை. மூக்கோட கட்டடமே இப்படித்தான்" என்றார் அவர். அந்தக் கட்டடம் என்ன என்று அறியத்தான் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் சிஸ்ஸன், கிராஸ்மன் எழுதிய வீட்டு விலங்குகளின் உடற்கூறு நூலைத் தேடி வாங்கினேன்.

பாதையின் அமைப்பு

நாசித் துவாரங்கள் இரண்டு. நடுவே ஒரு இடைச்சுவர். ஒவ்வொரு பக்கமும் சுருட்டி வைத்த ஓலைபோல மெல்லிய எலும்புச் சுருள்கள். அவற்றைப் போர்த்திய ஈரத்தோலில் ரத்தக் குழாய்கள் நிறைய. காற்று இந்தச் சுருள்களில் உரசிப் போகும்போதே தூசி ஒட்டிக்கொள்கிறது. காற்றும் ஈரமாகி, உடம்புச் சூட்டுக்கு வருகிறது. அதன்பின் தொண்டை. இது ஒரு நாற்சந்தி: தீனி போகும் வழியும் காற்றுப் போகும் வழியும் இங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. குரல்வளையும் அதன் மூடியும்தான் இங்கே போக்குவரத்துப் போலீஸ்காரர். மாட்டுக்குத் தலையை உயரத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் மருந்து ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருப்பது இதனால்தான்.

மாடும் குதிரையும்

ஊரில் மூக்கணாங்கயிறு போடும் பெரியவர் முதலில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். இடைச்சுவரின் குருத்தெலும்புக்கு முன்னால் மெல்லிய சதைப் பகுதி ஒன்று உண்டு. அங்கேதான் குத்த வேண்டும். புத்தகம் படிக்காத அவர் விரலுக்கு உடற்கூறு தெரிந்திருந்தது. இன்னொரு வியப்பு கொம்பு. மாட்டின் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை மூக்கோடு இணைந்தது. கன்று வளர வளர அந்த அறை கொம்புக்குள்ளும் நீளும். பெரிய மாட்டுக்குக் கொம்பு அடியோடு ஒடிந்தால் மூக்கில் ரத்தம் வருவது அதனால்தான்.

மைதானத்தில் போலீஸ் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு ஓடினாலும் வாயைத் திறந்து இளைக்காது. நாசி மட்டும் அகல விரியும். அதன் மென்னண்ணம் நீளமாக, குரல்வளை மூடிக்குக் கீழே பொருந்திக்கொள்வதால் வாய்வழி மூச்சு அதற்கு இல்லை. மூக்கின் மெத்தென்ற பகுதியில் வாரை இறுக்கிக் கட்டினால் பாவம், அதற்கு வேறு வழியே கிடையாது.

நாயின் குளிர்பெட்டி

நாய்க்கு மனிதனைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும்போது பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடும். மூக்குச் சுருள்களிலும் நாக்கிலும் ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. நீண்ட மூக்குள்ள தெரு நாய்க்கு இந்தக் குளிர்பெட்டி பெரிது. பக் நாயின் முக எலும்பை மனிதன் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிவிட்டான். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அதனால் நாசித் துவாரம் ஒடுங்கி, சுருள்கள் நெருங்கி, மென்னண்ணம் தொண்டையை அடைக்கும் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. போதாக்குறைக்குக் கல்கத்தாப் புழுக்கம். ஆரணி வெயில் காய்ந்த வெயில். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கு ஈரம் சீக்கிரம் காயாது, உடம்பும் குளிராது. அன்று எங்கள் நாய் விழுந்ததன் கணக்கு இதுதான். தவறு நாலு மணிக்குக் கூட்டிப்போன எங்களுடையது.

குட்டை மூக்கு நாய் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான்கு வார்த்தை. கோடையில் விடியலிலும் இரவிலும் மட்டும் நடக்க விடுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். எடை ஏற விடாதீர்கள். குறட்டையை அழகு என்று ரசிக்காதீர்கள். அது அடைப்பின் சத்தம், மருத்துவரிடம் காட்டுங்கள். துவாரத்தை அகலமாக்கவும் மென்னண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு.

சென்ற தீபாவளிக்கு ஒருவர் தம் பெட்டை நாயோடு எங்கள் நாயைச் சேர்க்கலாமா, குட்டிக்கு நல்ல விலை போகும் என்று கேட்டார். நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன். லாபம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னேன். பேரன் கோபித்துக்கொண்டான். அன்றிரவு நாய் தூங்கும்போது அதன் பக்கத்தில் அவனை உட்கார வைத்து, மூச்சைக் காது கொடுத்துக் கேள் என்றேன். சற்று நேரம் கேட்டவன், "இதோட குட்டியும் இப்படித்தான் மூச்சு விடுமா, தாத்தா?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.