இரண்டு மாத்திரை, ஒரு கல்லீரல்

2001 ஆகஸ்ட் 8ஆம் தேதி, ஜெர்மனியின் பேயர் நிறுவனம் தன்னுடைய கொழுப்பு மாத்திரை ஒன்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மருந்தின் பெயர் செரிவாஸ்டாட்டின். அமெரிக்காவில் பேக்கால், ஐரோப்பாவில் லிப்போபே என்று விற்றது. சந்தைக்கு வந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் 31 பேர், மருந்தால் தசை சிதைந்து இறந்ததாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தகவல் போயிருந்தது. அவர்களில் 12 பேர் செரிவாஸ்டாட்டினோடு ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு மாத்திரையையும் சாப்பிட்டு வந்தவர்கள். முன்னது கொலஸ்ட்ராலுக்கு, பின்னது டிரைகிளிசரைடுக்கு.

இந்த இரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது என்ற எச்சரிக்கை 1999 இறுதியிலேயே அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பில் ஏறிவிட்டது. அதன் பிறகும் சீட்டுகளில் இரண்டும் சேர்ந்தே எழுதப்பட்டன. அந்த 12 மரணங்களைப் படிக்கும்போது எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, டிரைகிளிசரைடுக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை எழுதித் தருவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறியிருப்பது உண்டு. அதனால் அவர்களுக்கே இந்த ஜோடி அதிகம் போய்ச் சேர்கிறது. "ரெண்டையும் ஒண்ணாப் போடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்த ஸ்டாட்டின், எந்த ஃபைப்ரேட், யாருடைய உடம்பு, எதற்காக என்ற நான்கும் தெரிந்தாக வேண்டும்.

ஸ்டாட்டின்கள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாகும் பாதையில் ஒரு முக்கிய நொதியைத் தடுப்பவை. கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு குறைகிறது. அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எல்லாம் இந்தக் குடும்பம். ஃபைப்ரேட்டுகள் வேறு வழியில் வேலை செய்து டிரைகிளிசரைடை எரிக்கும் மரபணுக்களைத் தூண்டுகின்றன. ஜெம்ஃபைப்ரோசிலும் ஃபீனோஃபைப்ரேட்டும் இதில் பழையவை.

இரண்டுக்கும் வேலை வேறு என்றால் மோதல் எங்கே வருகிறது? மருந்து உடம்பை விட்டு வெளியேறும் பாதையில்.

விழுங்கிய மாத்திரையை உடம்பு ஓர் அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. கல்லீரல் அதை உள்ளே இழுத்து, நொதிகளால் உருமாற்றி, பித்தத்திலோ சிறுநீரிலோ கழித்துவிடப் பார்க்கும். செரிவாஸ்டாட்டினை உருமாற்ற 3ஏ4, 2சி8 என்று இரண்டு நொதிகள் இருந்தன. இது அந்த மருந்தின் பலமாகவே கருதப்பட்டது. மண்டபத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் ஒன்றை யாராவது மறித்துக்கொண்டாலும் கூட்டம் மற்றொன்றால் வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை அது. ஆனால் ஜெம்ஃபைப்ரோசில் உள்ளே வந்ததும் ரத்தத்தில் செரிவாஸ்டாட்டின் எகிறியது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் கொடுத்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள்: உடம்பில் தங்கிய செரிவாஸ்டாட்டினின் அளவு சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல். சாப்பிட்டவர் ஒரு மாத்திரைதான் விழுங்கினார். அவர் தசைக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்து மாத்திரைக்குச் சமம்.

இதை முன்கூட்டியே ஆய்வகத்தில் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்விக்கான பதில்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் முக்கியமானது. சோதனைக் குழாயில் ஜெம்ஃபைப்ரோசிலை 2சி8 நொதியோடு சேர்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மனித உடம்பில் நடப்பது வேறு. ஜெம்ஃபைப்ரோசிலைக் கழித்துவிட, கல்லீரல் அதன்மேல் சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறை ஒட்டுகிறது. அப்படிப் பிறக்கும் குளுக்குரோனைடு என்ற பொருள் 2சி8 நொதிக்குள் போய் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்கிறது. கல்லீரல் புதிதாக நொதி தயாரிக்கும்வரை அந்த வழி அடைப்புதான். அதே பொருளும் ஜெம்ஃபைப்ரோசிலும் சேர்ந்து, ரத்தத்திலிருந்து ஸ்டாட்டினைக் கல்லீரலுக்குள் கொண்டுபோகும் கடத்திப் புரதத்தையும் முடக்குகின்றன. குற்றவாளி, கல்லீரல் தானே தயாரித்த துணைப்பொருள். சோதனைக் குழாயில் அது இல்லவே இல்லை. 2006 வாக்கில்தான் இந்த முடிச்சு முழுதாக அவிழ்ந்தது.

இதய நோயைத் தடுக்க ஜெம்ஃபைப்ரோசில் உதவும் என்று 1987இல் உலகுக்குச் சொன்னதும் ஹெல்சிங்கி ஆய்வுதான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களிடம் நடந்தது அது. தனியாக நின்றபோது நல்ல பெயர் வாங்கிய மருந்து. ஸ்டாட்டினோடு சேர்ந்தபோது ஆபத்தானது.

கழியாமல் தேங்கும் ஸ்டாட்டின் தசை நார்களைத் தாக்குகிறது. நார்கள் உடையும்போது மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. லண்டனில் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து கால் நசுங்கிய நிலையில் மீட்கப்பட்டவர்கள், பிழைத்துவிட்டார்கள் என்று நினைத்த சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் அதைப் பதிவு செய்தார்கள். இடிந்து விழும் சுவர் செய்ததை, அளவு மீறிய மாத்திரை உள்ளிருந்தே செய்கிறது. மருத்துவத்தில் இதற்கு ராப்டோமயோலைசிஸ் என்று பெயர்.

ஃபைப்ரேட் எல்லாம் ஒன்று என்று நினைப்பது பெரிய தவறு. ஃபீனோஃபைப்ரேட் இந்த வழிகளை அடைப்பதில்லை. செரிவாஸ்டாட்டினை விட்டுவிட்டு மற்ற ஸ்டாட்டின்களோடு சேர்ந்தபோது எத்தனை தசைச் சிதைவுகள் பதிவாயின என்று அமெரிக்கத் தரவுகளை 2005இல் அலசினார்கள். பத்து லட்சம் மருந்துச் சீட்டுகளுக்கு ஜெம்ஃபைப்ரோசில் ஜோடியில் 8.6, ஃபீனோஃபைப்ரேட் ஜோடியில் 0.58. கிட்டத்தட்ட பதினைந்து மடங்கு வித்தியாசம். ஸ்டாட்டினோடு ஃபைப்ரேட் வேண்டுமென்றால் ஃபீனோஃபைப்ரேட்தான் என்ற இன்றைய மருத்துவ வழக்கம் இப்படி வந்தது.

சரி, ஆபத்து குறைவு என்பது தெரிந்துவிட்டது. பயன் உண்டா? இந்தக் கேள்வியை நோயாளிகள் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அக்கார்டு என்ற பெரிய பரிசோதனையில் 5,518 சர்க்கரை நோயாளிகள் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு ஃபீனோஃபைப்ரேட்டும் சேர்த்துத் தரப்பட்டது. சராசரியாக 4.7 ஆண்டு பின்தொடர்ந்து 2010இல் முடிவு வந்தது. தசைப் பிரச்சினை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. டிரைகிளிசரைடு மிக அதிகமாகவும் நல்ல கொலஸ்ட்ரால் மிகக் குறைவாகவும் இருந்த சிலருக்கு மட்டும் நன்மை இருக்கலாம் என்ற ஒரு சாடை தெரிந்தது. அந்தச் சாடையை நம்பி, அப்படிப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பெமாஃபைப்ரேட் என்ற புதிய மருந்தைச் சோதித்தார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். 2022இல் வந்த முடிவில் டிரைகிளிசரைடு கால் பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இறங்கவில்லை.

இடையில் 2016இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃபீனோஃபைப்ரேட் உடம்பில் மாறும் வடிவமான ஃபீனோஃபைப்ரிக் அமிலத்தை ஸ்டாட்டினோடு சேர்த்துத் தர வழங்கியிருந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. நியாசின் என்ற இன்னொரு கொழுப்பு மருந்துக்கும் அதே கதி. அங்கே ஒப்புதல் இழந்த இந்தச் சிந்தனை இந்தியாவில் ஒரே மாத்திரையாகவே விற்கிறது: 10 மி.கி. அட்டார்வாஸ்டாட்டினும் 145 அல்லது 160 மி.கி. ஃபீனோஃபைப்ரேட்டும் சேர்ந்த மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

இதற்காக ஃபீனோஃபைப்ரேட்டே வீண் என்று சொல்லிவிட முடியாது. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டி ஆயிரத்தை நோக்கிப் போகும்போது கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே அதைக் குறைப்பதுதான் நோக்கம், ஃபைப்ரேட்டுக்கு நியாயமும் அங்கேதான் இருக்கிறது. 200, 250 என்று நிற்கும் ஒருவருக்கு முதலில் பார்க்க வேண்டியவை வேறு: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, தைராய்டு குறைவா, மது உண்டா, இனிப்பும் சோறும் எவ்வளவு. இவை சரியானாலே பலருக்கு அந்த எண் இறங்கிவிடும்.

ஒரே மாத்திரையாக விற்பதில் எனக்கிருக்கும் பெரிய கவலை, சாப்பிடுபவருக்குத் தான் இரண்டு மருந்து எடுப்பதே தெரியாது என்பது. வேறு மருத்துவர் தனியாக ஒரு ஸ்டாட்டின் எழுதினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் பல பிராண்டுகளில் பெயருக்குப் பின்னால் வரும் 'எஃப்' ஃபீனோஃபைப்ரேட்டைக் குறிப்பது. அட்டையின் பின்பக்கத்தில் உள்ளடக்கம் எழுதியிருக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லலாம். ஃபீனோஃபைப்ரேட் சிறுநீரகம் வழியே கழிவது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்குத் தரவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகத்தையும் கூட்டும்.

ஸ்டாட்டினுக்கு வம்பு தருவது ஃபைப்ரேட் மட்டுமல்ல. சளி, நெஞ்சுத் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோலும் 3ஏ4 நொதியை அடைப்பவை. சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிடுபவருக்கு இவற்றை எடுக்கும் சில நாட்களே ஆபத்துக்குப் போதும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபினோடு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது 2011இல் அமெரிக்கா விதித்த வரம்பு. பப்ளிமாஸ் பழத்திலும் கிரேப்ஃப்ரூட்டில் இருப்பது போன்ற, 3ஏ4 நொதியை அடைக்கும் வேதிப்பொருட்கள் உண்டு. தினம் நிறையச் சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஜெம்ஃபைப்ரோசில் ரெப்பாகிளினைடு என்ற சர்க்கரை மாத்திரையையும் பல மடங்கு தேக்கி, சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஸ்டாட்டினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. சுமார் 1.24 லட்சம் பேர் பங்கெடுத்த 19 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2022 ஆய்வில், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் சொன்ன தசை வலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மருந்தால் வந்தவையே அல்ல. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி இருந்தது. உண்மையான தசைச் சிதைவு மிக அரிது.

அரிதான அதைக் கண்டுகொள்ள அடையாளங்கள் உண்டு. இரு தொடையும் இரு தோளும் சேர்ந்து வலித்து, படியேறவும் கையை மேலே தூக்கவும் முடியாமல் போகும், உடம்பு அசந்துபோகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். புதிய மாத்திரை சேர்ந்த சில வாரங்களில், அல்லது அளவு கூடிய பிறகு இப்படி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தசைக்கு சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகத்துக்கு கிரியாட்டினினும் பார்ப்பார்கள். போகும்போது கொழுப்பு மாத்திரையை மட்டும் கொண்டுபோனால் போதாது. சர்க்கரை, பிரஷர், கடந்த இரண்டு வாரத்தில் எடுத்த ஆன்டிபயாடிக், சித்த மருந்து என்று வீட்டிலிருக்கும் அட்டைகள், பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.