முதலில் கை, பிறகு கரும்பலகை

1939ஆம் ஆண்டின் கடைசியில் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஓர் இத்தாலிய அம்மையார் வந்து சேர்ந்தார். வயது 69. பெயர் மரியா மாண்டிசோரி, குழந்தைக் கல்வியாளர். சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார். ஏறத்தாழ 300 பேர் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

சில மாதங்களில் ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. அன்றிலிருந்து தாயும் மகனும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டித்தான் விடுவித்தார்கள். 1946இல்தான் இருவராலும் ஐரோப்பா திரும்ப முடிந்தது.

திட்டினால் பிள்ளை அழும், மரம் திட்டாது

மாண்டிசோரி கற்பிக்கப் பயன்படுத்தியவை மரக்கட்டை, மணி, உப்புத்தாள் போன்ற பொருள்கள்தான். ஒரு நீளக் கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் செருகப் பத்து மர உருளைகள். ஓர் உருளை இடம் மாறிவிட்டால், கடைசியில் ஒன்று எந்தக் குழியிலும் பொருந்தாமல் குழந்தையின் கையிலேயே நின்றுவிடும். 'தப்பு' என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தானே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும்.

கணக்குக்குப் பொன்னிற மணிகள். தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கரும்பலகையில் 1-க்கும் 1000-க்கும் வித்தியாசம் மூன்று சுழி. இங்கே அதைக் கையின் கனமே சொல்லிவிடுகிறது.

ஓவியமும் இப்படித்தான் எழுத்துக்கு வழி விடுகிறது. வட்டம், முக்கோணம் என வெட்டிய உலோகச் சட்டங்களைத் தாளில் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் கோடுகளை நிரப்ப வேண்டும். பிள்ளைக்கு அது படம். ஆனால் பென்சிலைப் பிடிக்கவும் கோட்டுக்குள் நிறுத்தவும் கை அங்கேதான் பழகுகிறது.

மணலில் எழுதிய ஊர்

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகுவது மாண்டிசோரி முறை. நமக்கு இது அந்நியமா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தானே அரிச்சுவடி கற்றார்கள்! சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதைக் கவனித்தார். தம் பள்ளியில் செய்து பார்த்து, 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். அது 'மதராஸ் முறை'யின் ஒரு பகுதியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. இங்கேயோ மணல் போய் சிலேட்டு வந்தது. சிலேட்டும் போய் நோட்டு வந்தது. விஜயதசமியன்று ஒரே ஒரு நாள் தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுத வைப்பதோடு சரி.

போர்க்காலத்தில் மாண்டிசோரி கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, மலையே வகுப்பறையானது. இலையையும் பூவையும் பிள்ளைகள் பறித்து வந்து, பார்த்து, வகை பிரித்தார்கள். பாகங்களின் பெயர்கள் அதற்குப் பிறகே வந்தன. பொருள் முன்னே, சொல் பின்னே.

பூட்டிய அலமாரி

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், இதேபோல் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது. அதற்குப் பிறகும், விலை கொடுத்து வாங்கிய கற்றல் பொருள்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். உடைந்துவிடுமாம், தொலைந்துவிடுமாம். உடையாத பொருள் யாரும் தொடாத பொருள். தலைமையாசிரியர்கள் அந்தச் சாவியை வகுப்பில் கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு அலமாரிகூடத் தேவையில்லை. ஒரு படி புளியங்கொட்டையைத் தரையில் கொட்டுங்கள். பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.